தடுப்பூசியால் ஆட்டிசம் வருமா? பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

குழந்தைக்குத் தடுப்பூசி போடும் தேதி நெருங்கும்போது எழும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசிக்கு எதிரிகள் அல்லர். யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள். அவர்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: தடுப்பூசி போட்டால் ஆட்டிசம் வருமா?

வராது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பல நாடுகளில், பல லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளிடம், போடாத குழந்தைகளைவிட ஆட்டிசம் கூடுதலாகக் காணப்படவில்லை.

நெருப்பில்லாமல் புகையுமா? இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியது?

1998 பிப்ரவரியில் லண்டனில் கிளம்பியது. ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் வேறு 12 பேரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஆராயப்பட்ட குழந்தைகள் வெறும் 12 பேர். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடப்படும் எம்.எம்.ஆர். ஊசிக்குப் பிறகே மாற்றம் தெரிந்தது என்று அவர்களில் 8 பேர் விஷயத்தில் பெற்றோரோ மருத்துவரோ கூறியிருந்தார்கள். தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று கட்டுரையிலேயே ஒரு வரி இருக்கிறது. ஆனால் பத்திரிகையாளர் கூட்டத்தில் வேக்ஃபீல்ட், மூன்றையும் சேர்த்துப் போடுவதை நிறுத்திவைத்துவிட்டுத் தனித்தனியாகப் போடலாம் என்றார். மருத்துவக் கட்டுரையை யார் படிக்கிறார்கள்? கூட்டத்தில் சொன்னதுதான் நாடு முழுவதும் பரவியது.

பிறகு ‘சண்டே டைம்ஸ்’ செய்தியாளர் பிரையன் டியர் தோண்ட ஆரம்பித்தார். 2004-ல் முதல் உண்மை வெளியே வந்தது. எம்.எம்.ஆர். தயாரிப்பாளர்கள்மீது வழக்குப் போட ஆயத்தமாகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிடம் வேக்ஃபீல்ட் பணம் பெற்றிருந்தார். மொத்தத் தொகை 4 லட்சம் பவுண்டுக்கு மேல். ஆராயப்பட்ட குழந்தைகளில் சிலர் அந்த வழக்கோடு தொடர்புடையவர்கள். தட்டம்மைக்கு மட்டுமான தனி ஊசி ஒன்றுக்கு 1997-லேயே அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்ததும் தெரியவந்தது. சேர்த்துப் போடாதீர்கள் என்று ஊருக்குச் சொன்னவருடைய பையில் தனி ஊசிக்கான காப்புரிமை விண்ணப்பம் இருந்தது.

அதே 2004-ல், உடன் எழுதியவர்களில் 10 பேர் கட்டுரையின் விளக்கத்திலிருந்து தங்களை விலக்கிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் ‘லான்செட்’ கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. மே மாதம் பிரிட்டனின் மருத்துவ கவுன்சில், மருத்துவர் பட்டியலிலிருந்து வேக்ஃபீல்டின் பெயரை நீக்கியது. தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளுக்குத் தலைக்கு 5 பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்ததும் அந்த விசாரணையில் உறுதியான குற்றங்களில் ஒன்று. மருத்துவமனைப் பதிவுகளையும் கட்டுரையையும் டியர் வரி வரியாக ஒப்பிட்டு, 2011-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார். ஊசிக்கு முன்பு முற்றிலும் இயல்பாக இருந்தவர்கள் என்று காட்டப்பட்ட குழந்தைகளில் 5 பேருக்கு வளர்ச்சிக் குறைபாடு பற்றிய குறிப்புகள் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. இது மோசடி என்று அந்த இதழின் தலையங்கம் எழுதியது. வேக்ஃபீல்ட் இன்றுவரை மறுக்கிறார்.

ஆகவே, புகை உண்மை. அதை யார் மூட்டினார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

ஓர் ஆய்வு பொய்யானதால் தொடர்பே இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகாது. வேக்ஃபீல்ட் யோக்கியரா என்பது ஒரு கேள்வி, ஊசியால் ஆட்டிசம் வருமா என்பது வேறு கேள்வி. தடுப்பூசியை ஆதரிப்பவர்களில் பலர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சொன்னதாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதற்கான பதில் வேறு இடங்களில் கிடைத்தது.

டென்மார்க்கில் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. யார் எந்த ஊசி போட்டுக்கொண்டார், யாருக்கு என்ன நோய் கண்டறியப்பட்டது என்பதெல்லாம் அந்த எண்ணோடு பதிவாகிவிடும். பெற்றோரின் நினைவை நம்பியிருக்க வேண்டியதில்லை. 2002-ல் 5,37,303 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். 2019-ல் வேறொரு தலைமுறையைச் சேர்ந்த 6,57,461 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். இந்த இரண்டாவது ஆய்வில் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள் 6,517 பேர். எம்.எம்.ஆர். போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடவில்லை. ‘எல்லாக் குழந்தைக்கும் வராது, பலவீனமான குழந்தைக்குத்தான் வரும்’ என்ற வாதத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அங்கும் கூடவில்லை.

ஜப்பானில் நடந்தது இன்னும் விசேஷம். 1993-ல் அந்த நாடு எம்.எம்.ஆர். ஊசியையே நிறுத்திவிட்டது. ஆட்டிசம் அதற்குக் காரணம் இல்லை. அங்கே பயன்படுத்திய ஊசியில் இருந்த பொன்னுக்குவீங்கிக் கிருமியின் ரகம் சில குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கியது. ஊசிதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்றால், அதன் பிறகு பிறந்த குழந்தைகளிடம் ஆட்டிசம் குறைந்திருக்க வேண்டும். யோகோஹாமா நகரில் கணக்கெடுத்து 2005-ல் வெளியிட்டார்கள். எம்.எம்.ஆரைக் கண்ணால்கூடப் பார்க்காத குழந்தைகளிடமும் ஆட்டிசம் கண்டறியப்படுவது கூடிக்கொண்டே போனது.

என் மகன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தான். ஊசி போட்ட பிறகுதான் பேச்சு நின்றது. நான் கண்ணால் கண்டதைப் பொய் என்கிறீர்களா?

இல்லை. நீங்கள் கண்டது உண்மையாகவே இருக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினர், கற்ற சொற்களையும் கைகாட்டுதல், டாட்டா சொல்லுதல் போன்ற பழக்கங்களையும் இழப்பதுண்டு. மருத்துவர்கள் இதைப் பின்னடைவு என்பார்கள். பெற்றோர் கற்பனை செய்கிறார்கள் என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள் உண்டு. அது அநியாயம். முதல் பிறந்தநாள் காணொளியையும் இரண்டாம் பிறந்தநாள் காணொளியையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று, பெற்றோர் சொன்னது சரி என்று 2005-ல் காட்டியது.

இப்போது காலக்கணக்கைப் பாருங்கள். எம்.எம்.ஆர். முதல் ஊசி பெரும்பாலும் 9 முதல் 15 மாதத்துக்குள் போடப்படுகிறது. பின்னடைவு நேர்ந்தால் பெரும்பாலும் 15 முதல் 24 மாதத்துக்குள் நேர்கிறது. அந்த வயதில் குழந்தைக்கு ஏதாவது ஒரு தடுப்பூசி அண்மையில் போடப்பட்டுத்தான் இருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்பதை அறிய ஒரே வழி, காக்கை உட்காராத மரங்களையும் பார்ப்பதுதான். அதைத்தான் டென்மார்க்கிலும் ஜப்பானிலும் செய்தார்கள். எம்.எம்.ஆர். போட்ட தலைமுறையிலும் போடாத தலைமுறையிலும் பின்னடைவின் அளவில் வேறுபாடு இல்லை என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று 2007-ல் தெரிவித்தது.

இன்னொன்றும் உண்டு. பல குழந்தைகளிடம் அறிகுறிகள் நாம் கவனிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் 22 குழந்தைகளின் முதல் பிறந்தநாள் காணொளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குப் பின்னாளில் ஆட்டிசம் என்று தெரிந்தது. மெழுகுவர்த்தியும் கேக்கும் உறவினர் கூட்டமுமாக எல்லாம் ஒன்றுபோல இருந்த படங்கள். பார்த்தவர்கள் நான்கு விஷயங்களைக் கவனித்தார்கள்: குழந்தை பிறர் முகத்தைப் பார்க்கிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, விரலால் சுட்டுகிறதா, பொருளை எடுத்து ‘இதைப் பார்’ என்று காட்டுகிறதா. இவற்றைக் கொண்டே பெரும்பாலான குழந்தைகளைச் சரியாகப் பிரித்துவிட முடிந்தது. அந்த விழாவில் இருந்த பெற்றோர் அன்று எதையும் கவனிக்கவில்லை. யார்தான் கவனித்திருப்பார்கள்?

நினைவும் நம்மை ஏமாற்றக்கூடியது. எம்.எம்.ஆர். பற்றிய செய்தி பரவுவதற்கு முன்பு பிரிட்டனில் பெற்றோர் சொன்ன விவரங்களையும், பரவிய பிறகு சொன்ன விவரங்களையும் 2002-ல் ஒப்பிட்டார்கள். செய்தி பரவிய பிறகு, மாற்றம் ஊசிக்குப் பின்னரே தொடங்கியது என்று சொல்வது அதிகமாகியிருந்தது. யாரும் வேண்டுமென்று மாற்றிச் சொல்லவில்லை. துயரத்துக்கு ஒரு தேதி கிடைத்தால் மனம் அதைப் பற்றிக்கொள்கிறது.

ஊசியில் பாதரசம் இருக்கிறதாமே?

சில ஊசிகளில் இருந்தது, சிலவற்றில் இன்றும் இருக்கிறது. திமெரோசல் என்ற பதப்படுத்தி அது. பலருக்குப் போடக்கூடிய குப்பிகளில், ஒவ்வொரு முறை ஊசி நுழையும்போதும் கிருமி புகாமல் தடுக்கச் சேர்க்கப்படுகிறது. எம்.எம்.ஆரில் அது எப்போதும் இருந்ததில்லை. உயிருள்ள கிருமிகளைப் பலவீனப்படுத்திச் செய்யும் ஊசியில் கிருமிநாசினியைச் சேர்த்தால் ஊசியே வீணாகிவிடும்.

திமெரோசல் உடலில் எத்தில் பாதரசமாக மாறுகிறது. மீனில் சேர்ந்து நஞ்சாகும் மெத்தில் பாதரசம் வேறு, இது வேறு. ரத்தத்தில் மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஒன்றரை மாதம் ஆகும், எத்தில் பாதரசத்துக்கு ஒரு வாரம் போதும். 1999-ல் அமெரிக்கா முன்னெச்சரிக்கையாக இதைக் குழந்தைகளுக்கான ஊசிகளிலிருந்து விலக்க முடிவெடுத்தது. 2001 வாக்கில், சில இன்ஃப்ளூயென்சா ஊசிகள் தவிர மற்றவற்றில் விலக்கிவிட்டார்கள். டென்மார்க் 1992-லேயே நிறுத்தியிருந்தது. இரண்டு நாடுகளிலும் ஆட்டிச எண்ணிக்கை அதன் பிறகும் ஏறியது.

அப்படியானால் அலுமினியம்?

நோயெதிர்ப்பைத் தூண்டுவதற்காகச் சில ஊசிகளில் அலுமினிய உப்பு சேர்க்கப்படுகிறது. 1930-களிலிருந்து இது வழக்கம். ‘தாய்ப்பாலில் இதைவிட அதிகம் இருக்கிறது’ என்று பதில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்காது. வயிற்றுக்குள் போவதில் மிகச் சிறு பங்கே ரத்தத்தில் சேரும், தசைக்குள் போடுவது அப்படி இல்லை.

நல்ல பதில் 2025 ஜூலையில் வந்தது. மறுபடியும் டென்மார்க்தான். தடுப்பூசி அட்டவணை அவ்வப்போது மாறியதால், வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளுக்கு வெவ்வேறு அளவு அலுமினியம் சென்றிருந்தது. 12 லட்சம் குழந்தைகளிடம் 50 நோய்களைத் தேடினார்கள். அளவு கூடக்கூட ஆட்டிசம் கூடியதா என்றால், இல்லை. அமெரிக்க சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர் இந்த ஆய்வைத் திரும்பப் பெறச் சொன்னார். வெளியிட்ட இதழ் மறுத்துவிட்டது.

ஆய்வாளர்கள் எல்லாரும் மருந்து நிறுவனங்களின் பணத்தில்தானே வாழ்கிறார்கள்?

சந்தேகப்படுவது தவறில்லை. ஆனால் ஒன்றைக் கேளுங்கள். அமெரிக்காவில் சேஃப்மைண்ட்ஸ் என்றோர் அமைப்பு உண்டு. பாதரசம்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று நம்பிய பெற்றோர் தொடங்கியது. குரங்குக் குட்டிகளுக்குத் திமெரோசல் உள்ள ஊசிகளையும் எம்.எம்.ஆரையும் போட்டுப் பார்க்கும் ஆய்வுக்கு அவர்களே பண உதவி செய்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. ஊசி போட்ட குட்டிகளின் நடத்தையிலும் மூளையிலும் ஆட்டிசத்தை ஒத்த மாற்றம் எதுவும் இல்லை.

ஒரே நாளில் இத்தனை ஊசியைப் பிஞ்சு உடல் தாங்குமா? இடைவெளி விட்டுப் போடலாமா?

தாங்கும். பிறந்த நாளிலிருந்து குழந்தை வாயில் வைப்பது, தொடுவது, மூச்சில் இழுப்பது எல்லாவற்றிலும் கிருமிகள் உண்டு. பழைய பெரியம்மை ஊசி ஒன்றிலேயே நோயெதிர்ப்பைத் தூண்டும் புரதங்கள் சுமார் 200 இருந்தன. இன்று பல நாடுகளில் ஒரு குழந்தைக்குப் போடப்படும் எல்லா ஊசிகளையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது. இரண்டு வயதுக்குள் ஊசிவழி எத்தனை புரதங்கள் சென்றன என்று எண்ணிப் பார்த்த 2013-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்விலும் ஆட்டிசத்தோடு தொடர்பு தெரியவில்லை. இடைவெளி விட்டால், நோய் தாக்கக்கூடிய நாட்கள்தான் நீளும். அழுகையும் நாலைந்து முறையாகப் பிரியும்.

முன்பெல்லாம் ஆட்டிசம் என்று கேள்விப்பட்டதே இல்லை. இப்போது ஏன் இவ்வளவு?

அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள்: எட்டு வயதுக் குழந்தைகளில் 2000-ல் 150-க்கு ஒருவர், 2022-ல் 31-க்கு ஒருவர். பயமுறுத்தும் எண்கள்தான். ஆனால் இடையில் வரையறை விரிந்தது. 1994-ல், பேச்சு தடையின்றி வந்தும் பிறரோடு பழகுவதில் சிரமப்படும் ஆஸ்பெர்கர் நிலையும் கணக்கில் சேர்ந்தது. பேச்சு நன்றாக வரும் குழந்தைகள், பெண் குழந்தைகள், முன்பு ‘மூளை வளர்ச்சி குன்றியவர்’ என்று மட்டும் எழுதி ஒதுக்கப்பட்டவர்கள் என எல்லாரும் இப்போது எண்ணப்படுகிறார்கள். கண்டறிந்தால்தான் பள்ளியில் உதவி கிடைக்கும் என்று சட்டம் வந்த இடங்களில் கண்டறிவதும் கூடியது. பெற்றோரின் வயது கூடியிருப்பது, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் அதிகம் பிழைப்பது ஆகியவற்றுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம்.

ஊசி இல்லையென்றால் பிறகு எதுதான் காரணம்?

பெரும்பங்கு மரபணு. ஐந்து நாடுகளைச் சேர்ந்த 20 லட்சம் பேரை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, ஆட்டிசத்தின் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபு வழிப்பட்டது என்று மதிப்பிட்டது. மூளையின் கட்டமைப்பில் தெரியும் மாற்றங்கள் கருவிலேயே தொடங்குவதற்கும் சான்று உண்டு. கர்ப்ப காலத்தில் வலிப்புக்காக எடுத்துக்கொள்ளும் வால்புரோயேட் மருந்து ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிகிறது. அதற்காகக் கர்ப்பிணிகள் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் பேச வேண்டும்.

காரணங்களில் இன்னொன்று: கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா. 1964-ல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவுக்குப் பிறகு, கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 குழந்தைகளை மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்தார். ஆட்டிசம் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம் இருந்தது. அந்த ருபெல்லாவைத் தடுப்பது எம்.எம்.ஆரின் கடைசி எழுத்து. ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று பழி சுமந்த ஊசி, ஆட்டிசத்தின் ஒரு காரணத்தை ஒழித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில், தாய் அன்பு காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று நிபுணர்களே சொன்னார்கள். அப்படிப் பழி சுமந்த ஒரு தலைமுறைத் தாய்மார்களுக்குப் பிறகு, ஊசி போடச் சம்மதித்ததற்காக அடுத்த தலைமுறை தன்னையே நொந்துகொள்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை.

அமெரிக்காவில் நீதிமன்றம் இழப்பீடு கொடுத்ததாமே?

ஊசி ஆட்டிசத்தை உண்டாக்கியது என்று தீர்ப்பு வரவில்லை. தடுப்பூசி இழப்பீட்டுக்கான தனி நீதிமன்றத்தில் ஆட்டிசம் தொடர்பாக 5,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. முன்மாதிரி வழக்குகளை எடுத்து விசாரித்து, 2009-லும் 2010-லும் அனைத்தையும் தள்ளுபடி செய்தார்கள். பலரும் சுட்டுவது, செல்லின் ஆற்றல் உற்பத்தியில் அரிய கோளாறு இருந்த ஒரு குழந்தையின் வழக்கை. ஊசிகள் அந்தக் கோளாறைத் தீவிரமாக்கியிருக்கலாம் என்று அரசு ஒப்புக்கொண்டு இழப்பீடு தந்தது.

அமெரிக்க அரசின் இணையதளமே மாற்றி எழுதிவிட்டதே?

ஆம். 2025 நவம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பக்கம் மாற்றப்பட்டது. ‘தடுப்பூசியால் ஆட்டிசம் வராது’ என்பது ஆதாரத்தின் அடிப்படையிலான கூற்று அல்ல, அந்தச் சாத்தியத்தை ஆய்வுகள் முற்றாக விலக்கவில்லை என்று எழுதினார்கள். தானே அப்படி மாற்றச் சொன்னதாக அமைச்சர் கென்னடி கூறினார். புதிய ஆய்வு முடிவு எதுவும் வந்து மாற்றவில்லை. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு சான்றுகளை மறுபடி அலசி, தொடர்பு இல்லை என்றது.

‘முற்றாக விலக்கவில்லை’ என்ற வாதத்தைக் கவனியுங்கள். எந்த ஆய்வும் எதையும் நூற்றுக்கு நூறு விலக்காது. இதே அளவுகோலை வைத்தால் பல் துலக்குவதால் ஆட்டிசம் வராது என்றும் சொல்ல முடியாது.

தடுப்பூசிக்குப் பக்கவிளைவே கிடையாதா?

உண்டு. கிடையாது என்று சொல்பவரை நம்பாதீர்கள். எம்.எம்.ஆர். போட்ட ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம். 3,000 முதல் 4,000 டோஸ்களில் ஒன்றில் காய்ச்சல் வலிப்பு வரும். பார்க்கப் பதறும், ஆனால் நிரந்தரப் பாதிப்பை விட்டுச்செல்வதில்லை. 30,000 முதல் 40,000 டோஸ்களில் ஒன்றில் ரத்தத் தட்டணுக்கள் தற்காலிகமாகக் குறையலாம். கடும் ஒவ்வாமை 10 லட்சத்தில் ஒன்றிரண்டு. ஊசி போட்டதும் சிறிது நேரம் காத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். நோயெதிர்ப்பு வெகுவாகக் குறைந்த குழந்தைகளுக்கு எம்.எம்.ஆர். போடக் கூடாது.

பயமாக இருக்கிறது, போடாமலே விட்டால் என்ன?

தட்டம்மை வந்த ஒருவரால், தடுப்பாற்றல் இல்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவ முடியும். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி. பிழைத்தவர்களிலும் மிகச் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து மூளையைச் சிறிது சிறிதாக அழித்துக் கொல்லும் நோய் வருகிறது, அதற்கு மருந்து இல்லை.

சமோவா தீவு நாட்டில் 2018-ல், செவிலியர்கள் ஊசி மருந்தைத் தவறான திரவத்தில் கலந்துவிட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பிழை மனிதர்களுடையது, பழி ஊசிமீது விழுந்தது. தடுப்பூசித் திட்டம் பல மாதங்கள் நின்றது, எதிர்ப்பாளர்கள் பயத்தை ஊதிவிட்டார்கள். 2019-ன் கடைசி மாதங்களில் தட்டம்மை வந்தது. சுமார் 2 லட்சம் பேர் வாழும் நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். 2025-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் தட்டம்மையால் இறந்த இரண்டு குழந்தைகளும் தடுப்பூசி போடாதவர்கள்.

மூத்தவனுக்கு ஆட்டிசம். இளையவளுக்கு ஊசி போடலாமா?

போடுங்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தால் தம்பி தங்கைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அது மாறுவதில்லை. சுமார் 95,000 குழந்தைகளை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு குறிப்பாக இதைத்தான் பார்த்தது. பயத்தால் ஊசியைத் தவிர்க்கும்போது ஆட்டிச வாய்ப்பு அப்படியே இருக்க, தட்டம்மை வாய்ப்பும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

உடலிலிருந்து உலோகத்தை எடுத்தால் ஆட்டிசம் குணமாகும் என்கிறார்களே?

கிட்டே போகாதீர்கள். 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவனுக்கு உலோகம் நீக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ரத்தத்தில் கால்சியம் சரிந்து, இதயம் நின்று இறந்துபோனான்.

என் குழந்தைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று சந்தேகம். என்ன செய்ய வேண்டும்?

ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, ஒன்றேகால் வயதிலும் விரலால் எதையும் சுட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, எந்த வயதிலானாலும் வந்த பேச்சு போய்விட்டது: இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள். ‘ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு ஓராண்டைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள், காது கேளாமையும் இதே போலத் தோன்றும். ஆட்டிசம் என்று உறுதியாவதற்காகக் காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம். சந்தேகம் இருக்கிறது என்பதற்காக அடுத்த ஊசியின் தேதியைத் தள்ள வேண்டியதில்லை.